ஆனை ஏறிய பலகை

பன்னிரண்டு டன் இரும்புக்கு மதம் பிடிக்குமா, பிடிக்காதா என்று யாராவது உங்களிடம் கேட்டால் என்ன சொல்வீர்கள்? சிரிப்பீர்கள். குமாரதாசும் முதலில் சிரிக்கத்தான் செய்தான். ஆனால் கேட்டவர் ஹெட் கிளார்க் தாணுலிங்கம் பிள்ளை. அவர் கையில் ஒரு கடுதாசி இருந்தது. கையில் கடுதாசி இருக்கும்போது பிள்ளை தமாஷ் பேசுகிறவர் இல்லை.

"சிரிக்காத டே. இது மூணாம் விதி. மதம் இல்லைன்னு மாட்டு டாக்டர் எழுதித் தரணும். தந்தாத்தான் வண்டியில ஏத்தலாம்."

"சார், அது புல்டோசராக்கும்."

"ஃபைல்ல அது ஆனையாக்கும்," என்றார் பிள்ளை.

விஷயம் இதுதான். குலசேகரத்துக்கு மேற்கே, ரப்பர் தோட்டங்களை ஒட்டி, ஒரு புதுக் கால்வாய் வெட்டினார்கள். அதற்காக ஒரு மஞ்சள் புல்டோசர் வந்திருந்தது. யுத்தம் முடிந்ததும் அமெரிக்காக்காரன் தூக்கிக்கொண்டு போகச் சோம்பல்பட்டு விட்டுப்போனது. ஊர் ஜனம் அதற்கு மண்ணுதள்ளி என்று பெயர் வைத்திருந்தது. அதை ஓட்டத் தெரிந்தவன் அந்தப் பக்கத்தில் குமாரதாஸ் ஒருவன்தான். பட்டாளத்தில் இருந்தபோது அஸ்ஸாம் மலையில் கற்றுக்கொண்டது. இங்கே வேலை முடிந்துவிட்டது. அடுத்த வேலை புதுக்கடை என்ற ஊரில். மண்ணுதள்ளியை ரோட்டில் ஓட்டிக்கொண்டு போனால் ரோடு மிஞ்சாது. ஆகவே டிரெயிலரில் ஏற்றிக் கொண்டுபோக வேண்டும். திருவனந்தபுரத்திலிருந்து டிரெயிலர் வியாழக்கிழமை வரும், சனிக்கிழமை சாயங்காலம் புறப்பட்டுவிடும் என்று தந்தி வந்தது.

நாற்காலியைக் கொண்டுபோக விதி இருந்தது. மேசைக்கு இருந்தது. இரும்புப் பெட்டிக்கு ஒன்பது விதிகள் இருந்தன. புல்டோசருக்கு ஒன்றும் இல்லை. ராஜா போய், கொச்சியும் சேர்ந்து, மந்திரிகள் வந்து வந்து போய்க்கொண்டிருந்த காலம் அது. யார் போனாலும் பழைய சர்க்குலர்கள் மட்டும் போகவில்லை. பிள்ளையின் அலமாரியில் கரப்பான் பூச்சிகளோடு சௌக்கியமாக இருந்தன. அவர் நான்கு நாள் தும்மிக்கொண்டே தேடி ஒன்றை எடுத்தார். கொல்லம் ஆண்டு 1098-ல், காட்டிலாகா ஆனைகளை லாரியில் ஏற்றுவதற்குப் போட்ட சர்க்குலர்.

"இந்தச் சாமானம் தானா நடக்குமா டே?" என்று அவர் குமாரதாசைக் கேட்டார்.

"நடக்கும் சார்."

"ஒருத்தன் மேல இருந்து நடத்தணுமோ?"

"நடத்தணும்."

"மரத்தத் தள்ளுமா?"

"தள்ளும் சார்."

"பெறவு என்ன எளவுக்கு டே நான் நாலு நாளு தும்முனேன்? ஆனையேதான்."

எஞ்சினியர் கணபதியப்பன் வேலைக்கு வந்து ஏழு மாசந்தான் ஆகியிருந்தது. வேறு யாராவது ஏற்கனவே கையெழுத்துப் போட்ட இடத்துக்குக் கீழேதான் அவர் கையெழுத்துப் போடுவார். சர்க்குலரின் ஒவ்வொரு தாளின் அடியிலும் ராஜா காலத்துத் துரை ஒருவரின் கையெழுத்து இருந்தது. அதற்குக் கீழே சந்தோஷமாகப் போட்டார்.

ஆக, பாகன் என்ற இடத்தில் குமாரதாஸ் பெயர் ஏறியது. இரண்டாம் பாகனாக, ஆனை செத்துப்போய் இரண்டு வருஷமாகச் சும்மா இருந்த கோலப்பனைக் கூப்பிட்டார்கள். அவன் அங்குசத்தைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்தான். மண்ணுதள்ளியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வாலு எங்க மக்கா?" என்று கேட்டதோடு சரி. நல்ல வேலை, சாணி அள்ள வேண்டாம். விதிப்படி தினமும் இருபது தென்னை ஓலை ஆனைக்குத் தீனி. காலையில் கோலப்பன் ஓலையை மண்ணுதள்ளியின் முன்னால் போடுவான். சாயங்காலம் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோய் முடைவான். பத்து நாளில் அவன் வீட்டுக் கூரை புதுசாகிவிட்டது. ரெஜிஸ்தரில், 'தின்றது' என்று பிள்ளை தினமும் எழுதினார்.

இதெல்லாம் குமாரதாசுக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆறாம் விதி வந்தபோது வேடிக்கை கொஞ்சம் குறைந்தது. அவன் எஞ்சினியரிடம் போய், "சார், கால்வாய்க் கரை இருக்குல்லா, அத டிரெயிலர் ஒசரத்துக்கு மண்ணுதள்ளிய வச்சே செதுக்கிருதேன். டிரெயிலர கரையோட சேத்து நிறுத்தினா, முத்தத்துல இருந்து வீட்டுக்குள்ள போறமாரி நேரே உருட்டிரலாம். ஏத்தமும் இல்ல, பலகையும் வேண்டாம்," என்று சொல்லியிருந்தான். எஞ்சினியர் பிள்ளையைப் பார்த்தார். பிள்ளை கடுதாசியைப் பார்த்தார்.

"ஆறாம் விதி. ஏத்துகதுக்கு முன்னால மூணு நாளைக்கு ஆனைக்கு வேலை குடுக்கப்பிடாது. ஓய்வு."

"சார், அதுக்கு எதுக்கு ஓய்வு?"

"அத ஆனைகிட்ட கேளு டே. எங்கிட்ட கேக்காத."

வியாழக்கிழமை காலையில் டிரெயிலர் வந்தது. கூடவே மாட்டு டாக்டர் அய்யம்பெருமாளும் சைக்கிளில் வந்தார். திருவட்டாற்றில் ஒரு பசுவுக்குப் பேறுகாலம் பார்த்துவிட்டு நேரே வந்தவர், முழங்கைவரை கழுவிக்கொண்டே மண்ணுதள்ளியைச் சுற்றி வந்தார்.

"மதநீரு வடியுற கன்னம் எது டே இதுக்கு?"

"இந்த லைட்டுக்குப் பக்கத்துல வச்சுக்கிடலாம் சார்."

"இங்க ஒழுக்கு ஒண்ணும் இல்ல. சரி." குனிந்தார். "இஞ்ச என்ன டே கறுப்பா வடியுது?"

குமாரதாசும் குனிந்து பார்த்தான். எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் ஒழுகிக்கொண்டிருந்தது. பிள்ளை பேனாவை மையில் முக்கி எடுத்தார். "மதநீருன்னா சொல்லிருங்க டாக்டரே. மூணு மாசம் தளையில கட்டிப் போடணும். சங்கிலிக்கு எழுதணும்."

"சார், ஆனைக்கு மதநீரு மேலயில்லா வடியும்? இது கீழ வடியுது," என்றான் குமாரதாஸ்.

டாக்டர் நிமிர்ந்து யோசித்தார். "கேட்டியளா பிள்ளை, பயல் சொல்லுகது நியாயந்தான். கீழ வடிஞ்சா அது வேற சமாச்சாரம்." சைக்கிள் சீட்டில் கடுதாசியை வைத்து, 'மதம் இல்லை. சுபாவம் சாந்தம். மூத்திரம் கறுப்பு' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மத்தியானத்துக்கு மேல் பலகைகள் வந்தன. அதோடு குமாரதாசின் சிரிப்பு முழுசாக நின்றுபோயிற்று.

இரண்டு பலகை. பதினான்கு அடி நீளம், ஒரு முழம் அகலம். புதுசாகத் தார் பூசிப் பளபளவென்று இருந்தன. பிள்ளை அவற்றைக் கல்யாணப் பெண்ணைத் தடவுகிறமாதிரி தடவினார்.

"ஆஞ்சிலி மரமாக்கும் டே. ஆனை ஏறின பலகை."

குமாரதாஸ் இடுப்பிலிருந்த பேனாக்கத்தியை எடுத்துப் பலகையின் நடுவில் குத்தினான். கத்தி சோப்புக்குள் போகிறமாதிரி பிடிவரைக்கும் போயிற்று. வெளியே எடுத்தபோது அலகில் பொடி ஒட்டியிருந்தது. உள்ளே முழுக்க உளுத்துப்போன மரம். மேலே தார் மட்டும்தான் திடமாக இருந்தது.

"சார், எப்ப ஏறின ஆனை?"

"ஆயிரத்து நூத்தி ஒண்ணுல."

"இருபத்தெட்டு வருசம் ஆச்சு. அதும் போக ஆனை மிஞ்சிப்போனா நாலு டன்னு. இது பன்னெண்டு சார்."

"விதியில 'கனமுள்ள மிருகம்'னுதான் இருக்கு. எவ்வளவு கனம்னு இல்ல. நீ ஏன் டே இல்லாத கணக்கெல்லாம் கொண்டு வாறே?"

குமாரதாஸ் கத்தியை மடக்கினான். அஸ்ஸாமில் அவனோடு இருந்த குஞ்சுநாயரை நினைத்துக்கொண்டான். திருவல்லாக்காரன், வாயைத் திறந்தால் பாட்டுத்தான். ஒரு நாள் காலையில் பாடிக்கொண்டே மண்ணுதள்ளியை டிரெயிலரில் ஏற்றினான். பாதிக்கு மேல் ஏறியபோது ஒரு பக்கத்துப் பலகை முறிந்தது. மண்ணுதள்ளி சாய்ந்து கவிழ்ந்தது. குஞ்சுநாயரை எடுக்க ஸ்ட்ரெச்சர் தேவைப்படவில்லை. மண்வெட்டிதான் தேவைப்பட்டது.

எஞ்சினியரிடம் போனான். அவர் பலகையைப் பார்க்க வரவில்லை. பார்த்தால் பார்த்ததாக எழுத வேண்டிவரும். நாற்காலியில் இருந்தபடியே, "வேற பலகை கேட்டு எழுதினா ஆறு மாசம் ஆவும் குமாரதாஸ். டிரெயிலர் சனியாச்ச போயிரும். ஒனக்குப் பயமா இருந்தா எழுதித் தந்துரு. டிரெயிலரோட வந்த லாரி டிரைவர் ஏத்துதேன்னு சொல்லுதான்," என்றார்.

எழுதிக் கொடுத்தால் வேலை போகும். கொடுக்காவிட்டால் என்ன போகும் என்பது அந்தக் கத்தி அலகில் ஒட்டியிருந்த பொடியைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பதைப் பார்த்து மனைவி பூங்கனி என்னவென்று கேட்டாள். கல்யாணமாகி எட்டு மாசம். அவளிடம் பொய் சொல்ல அவன் இன்னும் பழகவில்லை. எல்லாவற்றையும் சொன்னான்.

"ஆனைன்னு எழுதினா ஆனையாயிருமா?" என்றாள்.

"ஃபைல்ல ஆயிருச்சு பிள்ளே."

"அப்ப ஒங்கள என்னன்னு எழுதியிருக்கு?"

"பாகன்."

"இஞ்ச பாருங்க. பாகனோ கீகனோ, எனக்கு ஆளா வந்து சேரணும். ஆபீசுக்காரன் வாசல்ல வந்து நின்னு நல்ல மனுசன், நல்ல மனுசன்னு சொல்லுகதக் கேக்க எனக்குத் தெராணி இல்ல." அவன் தட்டில் இன்னும் ஒரு கரண்டி மீன்கறியை ஊற்றிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். வெகுநேரம் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. கழுவ அவ்வளவு பாத்திரம் அந்த வீட்டில் கிடையாது.

வெள்ளிக்கிழமை குளிப்பாட்டு. ஏற்றுவதற்கு முந்தின நாள் ஆனையைக் குளிப்பாட்ட வேண்டும் என்பது ஐந்தாம் விதி. கோலப்பன் தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு தேய்க்க உட்கார்ந்தான். இந்த ஒரு விதியில் குமாரதாசுக்குப் பிணக்கு இல்லை. சக்கரங்களைச் சுற்றிய இரும்புச் செயினில் மண் ஒட்டியிருந்தால் டிரெயிலர் இரும்பில் வழுக்கிக்கொண்டு போகும். ஆகவே அவனும் ஒரு பக்கம் உட்கார்ந்து கட்டிமண்ணைக் குத்தி எடுத்தான்.

"அண்ணே, ஒண்ணு கேக்கட்டா? ஒம்ம ஆனைய இந்தமாரி பலகையில ஏத்தியிருக்கீரா?"

"ஏத்தணும்னு கொண்டுபோயிருக்கேன். ஏறணும்லா?"

"ஏறல்லியா?"

"அது என்ன கிளார்க்கா மக்கா, சொன்ன ஒடனே ஏறதுக்கு? காலால பலகைய ரெண்டு தட்டுத் தட்டிப் பாக்கும். பிடிக்கல்லேன்னா, மேல இருக்கவன் அங்குசத்த முறிச்சாலும் ஏறாது. ஒரு தடவ ஒருத்தன் அடிச்சு ஏத்துனான். பலகை முறிஞ்சு ஆனையும் போச்சு, அவனும் போயிட்டான். அதுக்குப் பெறவுதான் இந்தச் சர்க்குலரே வந்தது."

"ஏறல்லன்னா பின்ன என்ன செய்வீரு?"

"கரையில கொண்டுபோய் ஏத்துவோம். அதுவும் சர்க்குலர்ல கெடக்கே. கடைசிப் பக்கம்."

குமாரதாஸ் நாரைக் கீழே போட்டான். பிள்ளையின் கையிலிருந்த சர்க்குலரில் இரண்டு தாள்தான் உண்டு. எட்டாம் விதியோடு நின்றுவிடும்.

ஆபீசுக்குப் போனான். பிள்ளை சாப்பிடப் போயிருந்தார். மேசை மேல் அவருடைய தண்ணீர்க் கூஜா இருந்தது. கூஜாவுக்கு அடியில், மேசை நனையாமல் இருக்க, நாலாய் மடித்த ஒரு பழுப்புக் கடுதாசி. விரித்துப் பார்த்தான். வட்டம் வட்டமாக ஈரக்கறை. மலையாளத்தில் எழுதியிருந்தது. அஞ்சாம் கிளாஸ்வரை மலையாளப் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியது அன்றைக்குத்தான் பிரயோஜனப்பட்டது. எழுத்துக்கூட்டிப் படித்தான்.

பத்தாம் விதி: ஆனையின் தும்பிக்கை எட்டும் தூரத்தில், பாகனைத் தவிர யாரும் நிற்கக் கூடாது. பதினொன்றாம் விதி: ஆனை மூன்று முறை பலகையில் கால் வைக்க மறுத்தால் கட்டாயப்படுத்தக் கூடாது. வண்டியின் உயரத்துக்கு மண்கரை அமைத்து, அதன் வழியே ஏற்ற வேண்டும். அந்த ஆனையைக் கொண்டே கரையைச் சீர்செய்து கொள்ளலாம். ஆறாம் விதி இதற்குத் தடை அல்ல.

எவனோ ஒரு துரை, ஒரு பாகனின் சாவைக் கண்ணால் பார்த்துவிட்டு உட்கார்ந்து எழுதியிருக்கிறான். அதைத்தான் பிள்ளை கூஜாவுக்கு அடியில் வைத்திருந்தார். குமாரதாஸ் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான். கூஜாவுக்கு அடியில் வேறு ஒரு சர்க்குலரை வைத்தான்.

சனிக்கிழமை காலையில் ஊர் முழுக்க வந்துவிட்டது. ரப்பர் வெட்டப் போகிறவர்கள் பால் வாளியோடு நின்றார்கள். டிரெயிலரின் பின்னால் இரண்டு பலகையையும் சாய்த்துப் போட்டிருந்தார்கள். எஞ்சினியர் குடையோடு நின்றார். பிள்ளை ரெஜிஸ்தரோடு நின்றார். லாரி டிரைவர், இவன் எப்போது இறங்குவான் என்று பார்த்துக்கொண்டு நின்றான். கூட்டத்துக்குப் பின்னால் பூங்கனி நின்றாள். வரக் கூடாது என்று அவன் சொல்லியிருந்தான்.

குமாரதாஸ் மேலே ஏறி உட்கார்ந்தான். "எல்லாரும் முப்பதடி தள்ளி நில்லுங்க," என்றான்.

"எந்த விதி டே அது?" என்றார் பிள்ளை.

"பத்தாம் விதி சார். தும்பிக்கை எட்டும்."

பிள்ளை மண்ணுதள்ளியின் முன்பக்கத்தைச் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு முப்பத்தைந்தடி தள்ளிப் போய் நின்றார். பத்தாம் விதி இவனுக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்க அவருக்கு நேரம் இல்லை.

எஞ்சின் உறுமியது. முன்னால் இருந்த மண் தள்ளும் பிளேடைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கினான். முதல் கியரில் பைய முன்னே நகர்த்தினான். செயினின் நுனி பலகையைத் தொட்டது. ஒரு விரல்கடை ஏறியது. பலகை, வயிற்றுவலிக்காரன் முனகுகிறமாதிரி முனகியது. அவன் நிறுத்திப் பின்னால் எடுத்தான்.

"என்ன டே?" என்று பிள்ளை கத்தினார்.

"ஆனை மறுக்குது சார்!"

கூட்டம் சிரித்தது. கோலப்பன் சிரிக்கவில்லை. அங்குசத்தைத் தோளில் வைத்துக்கொண்டு, "ஆமா, மறுக்குது," என்றான்.

இரண்டாவது தடவையும் முன்னே போனான். பலகை முனகியது. பின்னால் வந்தான்.

"யாரு டே மறுக்கது? நீயா, ஆனையா?"

"நான் மறுத்தா வேல போயிரும் சார். அதனால ஆனைதான்."

மூன்றாவது தடவையும் முன்னே போனான். ஒரு விரல்கடைக்குப் பதிலாக ஒரு சாண் ஏறிவிட்டால் போதும், பலகை முறிந்துவிடும். தாருக்கு அடியில் என்னவோ 'நறுக்' என்றது. உடனே பின்னால் இழுத்தான். இறங்கி வந்து, வேர்வையில் நனைந்த அந்தத் தாளை எஞ்சினியரின் கையில் கொடுத்தான்.

எஞ்சினியர் படித்தார். பிள்ளை எட்டிப் பார்த்தார். "இது எங்கயிருந்து டே வந்தது?"

"ஒங்க கூஜாவுக்கு அடியில இருந்து சார்."

பிள்ளையின் முகம் கறுத்தது. ஆனால் விதி என்றால் விதி. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதே துரையின் கையெழுத்து. ஈரக்கறை வட்டத்துக்கு நடுவில் சாட்சியாக இருந்தது. எஞ்சினியர் அதைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது. அவசரமாக அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார். பிள்ளை ரெஜிஸ்தரை விரித்து, 'மூன்று முறை மறுத்தது. சாட்சி: இரண்டாம் பாகன்' என்று எழுதினார்.

"மொதல்லயே இதச் சொல்லியிருக்கலாம்லா டே, மூணு நாளு பாழாப் போச்சு," என்றார்.

பிறகு என்ன? மண்ணுதள்ளி தான் பிறந்த காரியத்தைச் செய்தது. ஒன்றரை மணி நேரத்தில் கால்வாய்க் கரையை டிரெயிலரின் உயரத்துக்குச் செதுக்கி, மேலும் கீழும் ஓடி இறுக்கியது. டிரெயிலரைப் பின்னால் எடுத்துக் கரையோடு ஒட்டி நிறுத்தினார்கள். அதன் எல்லாச் சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை வைத்தான் குமாரதாஸ். கரைக்கும் டிரெயிலருக்கும் நடுவில் இருந்த சந்தில் கருங்கல்லை அடுக்கினான். ஒவ்வொரு கல்லையும் கோலப்பன் காலால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தான்.

"எனக்குப் பிடிச்சிருக்கு மக்கா. ஏறலாம்."

மண்ணுதள்ளி நேரே போயிற்று. வளையவில்லை, திரும்பவில்லை. டிரெயிலர் ஒரு தடவை அழுந்தி முனகி, பிறகு சும்மா இருந்தது. நடுவுக்கு வந்ததும் குமாரதாஸ் பிளேடை இறக்கி, பிரேக்கைப் பூட்டி, எஞ்சினை அணைத்தான். நாலு மூலையிலும் சங்கிலி போட்டு முறுக்கினான். விதிப்படி பின்னங்காலுக்கு ஒரு சங்கிலி வேண்டும் என்று பிள்ளை சொன்னார். அதையும் போட்டான். இறங்கி நின்று கூட்டத்தில் தேடினான். பூங்கனி அதற்குள் போய்விட்டிருந்தாள். சோறு பொங்க நேரமாகிவிட்டதாம், பக்கத்தில் நின்ற பெண்பிள்ளை சொன்னாள்.

"பலகை வேண்டாம்லா சார் இனி?" என்று அவன் கேட்டான்.

"வேண்டாமா? புதுக்கடையில இறக்கணும்லா? அங்க ஆனை மறுக்குமோ மறுக்காதோ, யாருக்குத் தெரியும்? பலகை பின்னால மாட்டுவண்டியில வரும். அது ஒம்பதாம் விதி," என்றார் பிள்ளை. அந்தத் தாளை இப்போது அவர் தன் சட்டைப்பைக்குள் வைத்திருந்தார்.

சாயங்காலம் டிரெயிலர் குழித்துறை வழியாகப் புறப்பட்டது. இரண்டாம் பாகன் பின்னால் நடந்து வர வேண்டும் என்று விதி. முதல் வளைவு திரும்பியதும் கோலப்பன் டிரெயிலரில் ஏறிப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு மாட்டுவண்டி புதுக்கடைக்கு வந்தது. பலகை ஒன்று முழுசாக இருந்தது. மற்றொன்று நடுவில் இரண்டாக முறிந்திருந்தது. வண்டி வந்த குறுக்குவழியில் ஒரு வாய்க்காலின் பாலம் இடிந்து கிடந்ததாம். பலகைகளைக் குறுக்கே போட்டு வண்டியைக் கடத்தினேன், ஒன்று ஒடிந்துவிட்டது என்று வண்டிக்காரன் சொன்னான். வண்டியில் என்ன பாரம் இருந்தது என்று குமாரதாஸ் கேட்டான். வெறும் வண்டி என்றான் வண்டிக்காரன்.